செயற்கை எலும்பு மஜ்ஜை வரும். அதுவரை கொடையாளர் வேண்டும்

இரத்தம் உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜைத் திசுவை, மனித உயிரணுக்களைக் கொண்டே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியிருப்பதாக சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 நவம்பரில் அறிவித்தனர். இரத்தப் புற்றுநோய், தலசீமியா நோயாளிகள் உள்ள வீடுகளில் ஆவலைத் தூண்டும் செய்தி இது. ஆனால், அதைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம்.

இரத்தத்தைப் பிறப்பிக்கும் மூல உயிரணுக்கள் உடலுக்கு வெளியே தனித்து நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. அவற்றைத் தாங்கிப் பிடித்து வழிநடத்த, ஸ்ட்ரோமா எனும் துணை உயிரணுக்கள் சுற்றிலும் இருக்க வேண்டும். நாற்று நல்லதானாலும் மண் வேண்டுமல்லவா? பாசல் குழு அந்த மண்ணையும் சேர்த்து உருவாக்கியது. எலும்பில் உள்ள தாதுவைப் போன்ற பொருளால் ஆன சட்டகத்தில் எலும்பு, இரத்தக்குழாய், நரம்பு உயிரணுக்களும் இடம்பெற்றன. 8 மில்லிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட அத்திசுவில் இரத்த உற்பத்தி பல வாரங்கள் நீடித்தது.

இப்போதைக்கு இதன் பயன், நோயை ஆராய்வதும் மருந்துகளைச் சோதிப்பதும்தான். விலங்குகள் மீதான சோதனைகளையும் இது குறைக்கலாம். நோயாளியின் உடலில் பொருத்தும் கட்டத்தை இது இன்னும் எட்டவில்லை.

ஆகவே, மாற்று சிகிச்சைக்கு இன்றும் மனிதக் கொடையாளரே தேவை. உடன்பிறந்த ஒருவரின் திசு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். பாதிப் பொருத்தத்தில் செய்யும் சிகிச்சையும் உண்டு என்றாலும், மருத்துவர்கள் பொதுவாக முதலில் தேடுவது முழுப் பொருத்தத்தையே. குடும்பத்துக்கு வெளியே அது பெரும்பாலும் அதே இனத்தவரிடம்தான் கிடைக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் சிறுபான்மையினர். நம்மில் பதிந்துகொள்பவர் குறைந்தால், நம் நோயாளிகளுக்கான வாய்ப்பும் குறையும்.

முதுகெலும்பில் ஊசி போடுவார்கள் என்ற பயம் பலரைத் தடுக்கிறது. முதுகுத்தண்டை யாரும் தொடுவதில்லை. சில நாள்கள் ஊசிமருந்து கொடுத்தபின், கை இரத்தநாளம் வழியே இரத்தத்திலிருந்து மூல உயிரணுக்களைப் பிரித்தெடுப்பதே இன்று பெருவழக்கு. சில சமயம் இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள்; அதற்கு மயக்க மருந்து உண்டு.

மலேசியாவில் மலேசிய ஸ்டெம் செல் பதிவகமும், சிங்கப்பூரில் 1993இல் தொடங்கிய எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் திட்டமும் இப்பணியைச் செய்கின்றன. கோயில் திருவிழாக்களில் இரத்ததான முகாம் நடத்தும் நம் இயக்கங்கள், இந்தப் பதிவுக்கும் ஒரு மேசை போடலாம். ஆய்வுக்கூடத்தின் வேலை முடியும்வரை நோய் காத்திருக்காது.