ஆரணியிலிருந்து அனுப்பிய மெயில் ஏன் போய்ச் சேரவில்லை?

மதிப்பிற்குரிய இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத் தலைவர் அவர்களுக்கு,

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் தறிதான் தொழில். அப்பா நெய்தார். ஆர்டர் பிடிப்பது, பாவு வாங்கிக் கொடுப்பது, வெளியூருக்குச் சேலை அனுப்புவது என் பொறுப்பு.

போன ஆவணி முகூர்த்தத்துக்கு டொரண்டோவிலிருக்கும் ஒரு குடும்பம் 6 பட்டுச் சேலை கேட்டது. பார்டர் நிறம், முந்தி டிசைன், விலை எல்லாவற்றையும் அன்றே மெயிலில் எழுதினேன். பதிலே வரவில்லை. நாங்கள்தான் பதில் போடவில்லை என்று நினைத்து அவர்கள் வேறு ஊரில் வாங்கிவிட்டார்கள். எங்களிடம் நெய்பவர்களுக்குச் சேலைக் கணக்கில்தான் கூலி. தறியில் பாவு ஏறாத நாளில் அவர்கள் வீட்டுக்கு வருமானம் கிடையாது.

பிறகு பார்த்தால், எங்கள் மெயில் சர்வரில் யாரும் திறந்து பார்க்காத ஒரு பெட்டியில் அந்த மெயில் திரும்பி வந்து கிடந்தது. எங்கள் இணைய இணைப்பின் அடையாளமான ஐபி எண் தடைப்பட்டியலில் இருக்கிறது என்று ஒரு வரி. 1998இல் லண்டனில் ஸ்டீவ் லின்ஃபோர்டு தொடங்கிய ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பட்டியல் அது. எந்த எண்ணை நம்பக்கூடாது என்று அவர்கள் சொல்கிறார்கள். அதைப் பார்த்து எதிர்முனை சர்வர் கதவைச் சாத்துகிறது. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. இப்படிப்பட்ட பட்டியல்கள் இல்லாவிட்டால் யாருடைய இன்பாக்ஸையும் திறக்க முடியாது.

எங்கள் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜக்கார்டு அட்டைக்கு டிசைன் போடும் கம்ப்யூட்டரில் திருட்டு சாஃப்ட்வேர் ஏற்றியிருந்தோம். கூடவே வைரஸும் வந்து, எங்கள் இணைப்பிலிருந்து ஸ்பாம் போயிருக்கிறது. 2017இல் அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திராவின் இலவசக் கருவியால் அதைத் துடைத்தோம். பாஸ்வேர்டுகளை மாற்றினோம். மெயில் எங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளை எங்கள் டொமைனில் சேர்த்தோம். பிறகு ஸ்பாம்ஹாஸ் தளத்தில் நடந்ததை எழுதி, எங்கள் எண்ணை நீக்கக் கேட்டோம். ஒரு பைசா வாங்காமல் நீக்கினார்கள்.

அவர்களுடைய இன்னொரு பட்டியல் மட்டும் எங்களை விடவில்லை. வீட்டு இணைப்புகளுக்கான ஐபி எண்களைத் தொகுதி தொகுதியாகக் குறித்து வைப்பது அது. கூடுதல் பணம் கட்டி வாங்கிய எங்கள் நிலையான எண்ணும் அந்தத் தொகுதிக்குள்தான் இருந்தது. வெளியே வர வேண்டுமானால், இந்த எண் இன்ன சர்வருடையது என்று சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவு வேண்டும். ஜிமெயிலும் அந்தப் பதிவைக் கேட்கிறது. அதை நாங்களே எழுதிக்கொள்ள வழியில்லை. எண்ணைக் கொடுத்த இணைய நிறுவனம்தான் எழுத வேண்டும். ஒரே ஒரு வரி. அதற்கு 7 வாரம் ஆனது. ஒவ்வொரு முறை போன் செய்தபோதும் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். எழுத்தில் கொடுத்த புகாரை, படிக்காமலே முடித்துவைத்தார்கள்.

விளம்பரக் குறுஞ்செய்தித் தொல்லைக்கு 1909 என்ற எண் இருக்கிறது, உங்கள் ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. மெயில் முடங்கிப்போன சிறு வியாபாரி யாரிடம் போவது?

நிலையான ஐபி விற்கும் நிறுவனம், வாடிக்கையாளர் கேட்ட 3 நாளுக்குள் ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவைச் செய்துதர வேண்டும் என்று விதி செய்யுங்கள். ஓர் இணைப்பிலிருந்து ஸ்பாம் போவதாக நிறுவனத்துக்குத் தகவல் வந்தால், அதை வாடிக்கையாளருக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எங்களுக்கு முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தக் கம்ப்யூட்டரை அன்றைக்கே கழற்றியிருப்போம். வீட்டு இணைப்புகளில் மெயில் சர்வருக்கான 25ஆம் போர்ட்டை மூடிவைத்து, கேட்பவர்களுக்கு மட்டும் திறந்துவிடச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு வைரஸுக்காக எங்கள் எண்ணும் சேர்ந்து மாட்டிக்கொள்ளாமல் இருக்கும்.

தை முகூர்த்தத்துக்கு இப்போதே விசாரணைகள் வரத் தொடங்கிவிட்டன. ஒவ்வொருவருக்கும் மெயில் அனுப்பிவிட்டு, வந்ததா என்று வாட்ஸ்ஆப்பில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆரணிப் பட்டு நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்