கேட்டு வாங்க வழி எங்கே?

கடக்வாஸ்லா என்றதும் தேசியப் பாதுகாப்பு அகாதெமியும், புணே நகருக்குக் குடிநீர் தரும் அணையும் நினைவுக்கு வரும். 2021-இல் புணே மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட 23 கிராமங்களில் அதுவும் ஒன்று. மாநகராட்சி எல்லையை ஓர் அரசாணையால் விரிவாக்கிவிடலாம். கண்ணாடி இழை இணைப்பு அவ்வாறு வந்துவிடாது. இத்தகைய புறநகர்களில் வீட்டுக்கு பிராட்பேண்ட் இணைப்பு பெற விரும்புவோர், எந்த நிறுவனத்தின் கேபிள் தம் தெருவரை வந்துள்ளது, இரவு நேரத்தில் என்ன வேகம் கிடைக்கும் என்பதை அறியாமலேயே பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

பிராட்பேண்ட் எனப்படுவதற்கான குறைந்தபட்ச வேகம், 2004-ஆம் ஆண்டுக் கொள்கையின்படி விநாடிக்கு 256 கிலோபிட். 2013-இல் அது 512 ஆயிற்று. 2023-இல் 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. விளம்பரங்களோ 100 மெகாபிட் "வரை" என்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலான ஏமாற்றம் முழுவதும் நுகர்வோரையே சேர்கிறது.

செல்பேசி நிறுவனங்கள் தங்கள் சேவைப் பரப்பைக் காட்டும் வரைபடத்தை வெளியிட வேண்டும் என 2024-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) விதி வகுத்தது. வீட்டு இணைப்புக்கும் தெருவாரியான விவரமும், நெரிசல் நேர வேகமும் வெளியிடப்படுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் நீதிமன்றத்தை அணுகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவுபடுத்தியது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பெருமளவில் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த 2023 டிசம்பரில் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டமும் இணையவழித் தீர்வு முறைக்கு வகை செய்கிறது. அன்று விரிவாக விவாதிக்கப்படாததை இனியாவது நாடாளுமன்றம் விவாதிக்க வேண்டும். வழக்காடி உண்மை அறிவதல்ல, பணம் கட்டுமுன் அறிவதே நுகர்வோர் உரிமை.