வீட்டுப் பட்டறை: எந்தப் பற்றாசுக் கோல் வாங்குவது?

தேவிகுளத்தை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் வாழும் அம்மையார் ஒருவர் இப்பகுதிக்கு எழுதியுள்ளார். மேனிலைப் பள்ளியிற் பயிலும் அவர்தம் மைந்தன், கெட்டுப்போன அவசர விளக்கையும் பாட்டனார் காலத்து வானொலியையும் திறந்து பழுதுபார்க்கத் தலைப்பட்டிருக்கின்றானாம். அதற்குச் சால்டரிங் அயர்ன் வேண்டும்; அதுவும் வெப்பத்தை எண்ணிற் காட்டும் விலையுயர்ந்த கருவியே வேண்டும் என்கின்றானாம். பல நாட்கூலி அதற்கே போய்விடுமே, மலிவாகக் கிடைப்பது ஆகாதா என்பது தாயின் வினா.

ஆகும் என்பதே என் விடை. திங்களுக்கு ஓரிரு முறை கம்பி இணைப்பதற்கும், சிறு மின்தகட்டில் உறுப்பு மாற்றுவதற்கும் 25 வாட் கோல் போதும். சால்ட்ரான் போன்ற நம் நாட்டுக் கோல்களைக் கோவையிலும் போடியிலும் எளிதில் வாங்கலாம். பாலக்காட்டு நேயர்களுக்கு இத்தொழில் புதிதன்று. பி.பி.எல். நிறுவனம் 1963-இல் தோன்றியது அவ்வூரில்தான். கஞ்சிக்கோட்டில் ஐ.டி.ஐ.யின் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலை எழுந்தது 1976-இல். அத்தகைய ஆலைகளில் கைபழகி ஓய்வு பெற்ற பெரியவர் எவரேனும் அண்டையில் இருப்பின், அவரிடம் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து கற்பது பத்து நூல்களுக்கு ஈடாகும்.

வாட் மிகுந்தால் வேலை விரையும் என்று எண்ணுவது பிழை. அப்பிழையை யானே செய்தவன். முதன்முதல் யான் வாங்கியது 100 வாட் கோல்; தடித்த கம்பிக்கும் தகரத்துக்கும் உரியது. அதனை வானொலித் தகட்டில் வைத்த சில நொடிகளிலேயே செம்புப் படலம் வாழைப்பட்டைபோல் உரிந்து எழுந்துவிட்டது. படலத்தைத் தகட்டோடு பிணைத்திருக்கும் பசை மிகு வெப்பத்தைத் தாங்காது. அவ்வானொலி பிறகு பாடவேயில்லை.

ஆயினும் மலைநாட்டு வீடுகளுக்குத் தனிச்சிக்கல் ஒன்றுண்டு. பள்ளிவாசலில் நீர்மின் நிலையம் 1940-லேயே இயங்கத் தொடங்கிய மலை அது. எனினும் நெடுந்தொலைவு சென்ற கம்பியின் கடைசியில் இருக்கும் லயங்களில் மாலை வேளையில் மின்னழுத்தம் தாழ்ந்துவிடுவதுண்டு. அழுத்தம் குறையும் அளவினும் மிகுதியாகக் கோலின் ஆற்றல் குறையும். 230 வோல்ட்டுக்கு அமைந்த 25 வாட் கோல், 180 வோல்ட்டில் ஏறத்தாழ 15 வாட்டே தரும். பற்றாசு கூழாய் நின்றுவிடும்; பையன் தன் கையையே நொந்துகொள்வான். விளக்கு மங்கி எரியும் வீடாயின் 35 வாட் கோல் வாங்குக. அன்றி, பிடியில் திருகு பொருந்திய 60 வாட் கோலும் தகும். வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். விலை சற்றுக் கூடுதலேனும் மைந்தன் கேட்கும் கருவியின் விலை ஆகாது. திருகில் எழுதிய எண்ணை முழுதும் நம்ப வேண்டா. அழுத்தம் சீரான வீட்டுக்கு இவையெல்லாம் வேண்டுவதில்லை.

கோலினும் முனையே முதன்மையானது. வெறுஞ்செம்பு முனையைப் பற்றாசு சிறிது சிறிதாகத் தின்னும். அதனை அரத்தால் அராவிக்கொள்ளலாம். இரும்பு முலாம் பூசிய முனை நெடுநாள் உழைக்கும். ஆனால் அதில் அரம் பட்டால் முலாம் போய், முனையும் போயிற்று. ஈரப்பஞ்சில் துடைப்பதும், அணைக்குமுன் புதுப் பற்றாசு பூசி வைப்பதுமே அதற்குரிய பேணல்.

பற்றாசு, 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்து, உள்ளே ரோசின் பிசின் பொதிந்த மெல்லிய கம்பியாக இருத்தல் வேண்டும். அது 183 பாகையில் இளகத் தொடங்கி, 190-ஐ எட்டுமுன் முற்றும் உருகிவிடும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் கையாளும் நவச்சாரத்தை மின்தகட்டருகே கொண்டுவரலாகாது. நாளடைவில் அது செம்பை அரித்துவிடும்.

அம்மையாருக்கு இனிக் கூறுவன பொருளைவிட உயிரைப் பற்றியவை. மூன்று முள் செருகி உள்ள கோலையே வாங்குக. வீட்டில் நில இணைப்பு உண்மையில் உளதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்க்கச் செய்க. பழுதுபார்க்கும் கருவியின் மின்தொடர்பை நீக்கிய பின்னரே திறத்தல் வேண்டும். அப்போதும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். பழைய தொலைக்காட்சிப் பெட்டியைத் தொடவே வேண்டா. காரீயம் நஞ்சு, ஆதலின் சமையலிடத்தில் இவ்வேலை கூடாது, முடித்ததும் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும், தவழும் குழந்தை இருப்பின் சிந்திய துளிகளைப் பொறுக்கிவிடுதல் வேண்டும். ஓரறை வீடாயின் புகை வெளியேறத் திண்ணையே நன்று. காற்று வீசும் நாளில் மட்டும் முனை சூடேறாமல் பொறுமையைச் சோதிக்கும்.

கோலோடு ஒரு கம்பித் தாங்கியும் வாங்குக. மைந்தன் முதலில் வானொலியைத் தொடாமல், உதவாத தகடொன்றில் உறுப்புகளைக் கழற்றி மீண்டும் பொருத்திப் பழகட்டும். முனையால் உறுப்பின் காலையும் செம்பையும் ஒருங்கே சூடாக்கி, பற்றாசை அவ்விடத்தில் தொடுவித்தல் வேண்டும். கோலில் ஏற்றிக் கொணர்ந்து அப்பலாகாது. இணைப்பு பளபளத்து இருபுறமும் சரிந்து படிந்தால் நன்று. மிளகுபோல் உருண்டு நின்றால் மீண்டும் சூடாக்குக. அந்த வானொலி பேசத் தொடங்கினால் எமக்கும் ஒரு வரி எழுதுக.