புள்ளிப் பலகையை வாங்குவதா, செய்வதா?

கல்லூரியன்னையின் யூபிலி விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் பலர் தத்தம் அன்பின் அடையாளமாக ஏதேனுமொன்றை அளிக்க விழைகின்றனர். விளையாட்டு மைதானத்துக்கு மின்னொளிப் புள்ளிப் பலகை ஒன்றை விலைக்கு வாங்கித் தரலாம் என்பது அவ்வெண்ணங்களுள் ஒன்று. அவர்தம் பெருமனத்தை நாம் போற்றுகின்றோம். ஆயினும், பலகையை வாங்கித் தருதலினும், அதற்கு வேண்டிய விளக்கு, கம்பி, மின்கலம் என்பவற்றைத் தந்து மாணவரையே செய்யவிடுதல் சிறந்தது என்பது எமது துணிபு. தமிழாசிரியருக்கு மின்விளக்கில் என்ன வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். துடுப்பாட்டப் போட்டிகளிற் பல ஆண்டுகள் புள்ளியேட்டின் அருகே அமர்ந்திருந்த உரிமை ஒன்றே எமக்குண்டு.

நாம் யாழ்ப்பாணத்தில் மாணவராயிருந்த காலத்துப் புள்ளிப் பலகை கறுப்பு மை பூசிய மரப்பலகை. இலக்கம் எழுதிய தகரத் தகடுகளைச் சிறுவர் இருவர் ஆணியில் மாட்டுவர். தகட்டுக்கு மேலும் கீழும் துளையுண்டு. ஒருமுறை 6 என்னும் தகடு தலைகீழாக மாட்டப்பட, எமது அணிக்கு மூன்று ஓட்டங்கள் கூடின. எதிரணியினர் கூச்சலிடும்வரை எவரும் அதனைத் திருத்த முற்படவில்லை. கண்டும் காணாதவர்போல் இருந்தோருள் நாமும் ஒருவர் என்பதை இன்று நாணத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்.

மின்னொளிப் பலகை அக்குறையைத் தீர்க்குமா எனின், முற்றாகத் தீர்க்காது. அதன் ஓர் இலக்கம் ஏழு ஒளிக்கோடுகளால் ஆயது. எட்டுக்கு ஏழு கோடுகளும் எரியும். ஒன்றுக்கு இரண்டே எரியும். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் கூடி 216 உயிர்மெய் பிறத்தலைக் கற்பிக்கும் எமக்கு, ஏழு கோடுகளிலிருந்து பத்து இலக்கங்களும் பிறத்தல் பேருவகை தருகின்றது. ஆனால், நடுக்கோடு பழுதாயின் 8 என்பது 0 ஆகும்; மேற்கோடு பழுதாயின் 7 என்பது 1 ஆகும். ஆதலின், ஆட்டம் தொடங்குமுன் எல்லாவிடத்தும் 8 ஐ எரித்துப் பார்த்தல் வேண்டும். பலகையைத் தன் கையாற் செய்த மாணவன் இதனைத் தானே அறிவான். வாங்கிய பலகையின் முன் நிற்பவனோ ஒளிர்வதெல்லாம் உண்மையென்றே நம்புவான்.

இனி, செய்முறையிற் பெறும் கல்வியை நோக்குவோம். ஒளிகாலும் இருவாயி என்று பாடநூல் கூறும் சிவப்பு எல்.ஈ.டி. விளக்கு ஒன்று ஏறத்தாழ 2 வோல்ற்று கொள்ளும். ஐந்து விளக்குகளைத் தொடராக இணைத்து ஒரு கோடாக்கினால் 10 வோல்ற்று. 12 வோல்ற்று மின்கலத்தில் எஞ்சும் 2 வோல்ற்றுக்கு 100 ஓம் தடையொன்றை இட்டால் 20 மில்லியம்பியர் மின்னோட்டம் பாயும். பரீட்சைக்காக மனனஞ் செய்த ஓமின் விதி அங்கே கண்முன் ஒளிர்கின்றது. அடுத்து, பொத்தானை ஒருமுறை அழுத்த இரண்டு ஓட்டங்கள் கூடுவதைக் கண்டு மாணவர் திகைப்பர். பொத்தானின் உள்ளிருக்கும் உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடும்போது சில மில்லிசெக்கன் துள்ளுதலே அதற்குக் காரணம். முதல் தொடுகைக்குப் பின் 50 மில்லிசெக்கன் பொறுத்து நோக்குமாறு நுண்கட்டுப்படுத்தியைப் பணித்தால் அக்குறை நீங்கும். பொறிக்கும் பொறுமை கற்பிக்க வேண்டியிருக்கின்றது!

எத்தனை இலக்கங்களுக்கு இடம் விடுவது என்பதும் சிறிய வினாவன்று. 1976இல் மொன்றியல் ஒலிம்பிக் விழாவில், ருமேனியச் சிறுமி நாடியா கொமனேச்சி ஜிம்னாஸ்ரிக்கில் நிறைபுள்ளியாகிய பத்தைப் பெற்றபோது, பலகை 1.00 என்றே காட்டியது; 10.00 என்பதற்கு அதில் இடமில்லை. எம் மாணவர் இதனை முன்கூட்டியே ஆராய்வர். ஓட்டங்களுக்கு மூன்று இடங்கள் போதும். 1997இல் கொழும்பில் இந்தியாவுக்கெதிராக எம் நாட்டு அணி 6 விக்கெற்றுக்குப் பெற்ற 952 ஓட்டங்களும் அதனுள் அடங்கும். ஆனால், பத்தாவது விக்கெற்று வீழும்போது ஓரிடம் போதாதே!

இது படிப்பைக் கெடுக்கும் வீண்வேலை என்பர் பெற்றோர் சிலர். அவர்தம் கவலை நியாயமானதே. ஆதலின், வாரத்தில் ஒரு பிற்பகலே இதற்கு ஒதுக்கப்படுக. 230 வோல்ற்று வீட்டு மின்சாரத்தை மாணவர் தொடுதல் கூடாது, மின்கலமே போதும். கையாற் செய்த பலகை வாங்கியதுபோல் அழகாயிராது என்பதும் உண்மை. நண்பகல் வெயிலில் அதன் ஒளி மங்கும். கறுப்புப் பின்னணியும் மேலே ஒரு மறைப்பும் இட்டுத்தான் அதனைச் சமாளித்தல் வேண்டும். ஆயினும், வாங்கிய பலகை பழுதுற்றால் தொலைவிலிருந்து ஆள் வரவேண்டும். செய்த பலகை பழுதுற்றால் அடுத்த வகுப்பறையிலிருந்து மாணவன் வருவான்.

பழைய மாணவரே, 1990 முதல் சில ஆண்டுகள் குடாநாடு மின்சாரமின்றி இருண்டிருந்தபோது, சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எம்முடையது. அன்று அதனை எமக்கு எந்த ஆசானும் கற்பிக்கவில்லை, இல்லாமையே கற்பித்தது. அவ்வில்லாமை எம் பிள்ளைகளுக்கு மீண்டும் வரவேண்டா. அது கற்பித்ததை இனி நாமே கற்பித்தல் வேண்டும்.

ஆகவே, உறுப்புக்களைத் தாருங்கள். ஓய்வுள்ளபோது வந்து அருகிருந்து வழிகாட்டுங்கள். மாணவருக்கும் ஒரு வேண்டுகோள்: கூட்டும் பொத்தானின் அருகே குறைக்கும் பொத்தான் ஒன்றையும் மறவாது வையுங்கள். தம் அணிக்குத் தவறாகக் கூடிய ஓட்டத்தை, எதிரணி கேட்குமுன், தானே குறைக்கும் மாணவனைக் காணும் நாளே எமக்கு யூபிலி நாளாகும்.