வலிக்கவில்லையே என்று சும்மா இருக்கலாமா?

எங்கள் கட்டிடத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பாத்தாலஜி பரீட்சைக்கு முந்தைய வாரம், "மாமா, கேள்வி கேளுங்களேன்" என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். மாணவர்கள் வழக்கமாகத் தவறவிடும் விஷயங்களை மட்டும் எழுதிவைத்த நோட்டு. நான் முப்பது வருடம் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புரட்டப் புரட்ட எனக்கு வேறு யோசனை ஓடியது. இதில் ஒன்றைத் தவறவிட்டால் அவளுக்கு இரண்டு மார்க் போகும். நம் வீடுகளில் தவறவிட்டால்?

'ஆரம்ப நிலையில் புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காது' என்று ஒரு வரி. அதைப் படித்ததும் என் பெரியப்பா மகனின் முகம்தான் நினைவுக்கு வந்தது. இளம் வயதில் மும்பைக்கு வேலைக்கு வந்தவர். வந்த இடத்தில் புகையிலை பழகிவிட்டது. கன்னத்தின் உட்புறம் ஒரு புண். இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. "வலியே இல்லை, பல் குத்தியிருக்கும்" என்றார். வாய்ப்புண் இரண்டு மூன்று வாரத்தில் ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்டியாக வேண்டும் என்று எத்தனையோ முறை சொன்னேன். ஒருவழியாகப் போனார். சிறிது சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அன்று இரவே ஊரிலிருந்து போன்: "கத்தி படக்கூடாது, பட்டால் பரவிவிடும்." எட்டு மாதம் ஓடிப்போயிற்று. மறுபடி போனபோது கழுத்திலும் கட்டி. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் ஆகி, பிறகு இரண்டு வருடம்தான் இருந்தார்.

கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு எப்படிக் கிளம்பியது என்பதை ஊகிப்பது கடினமல்ல. நம்மவர்கள் முற்றிய பிறகே போகிறார்கள். அப்போது சதை எடுக்கிறார்கள். சில மாதத்தில் ஆள் போய்விடுகிறார். பழி கத்தியின் மேல் விழுகிறது. ஊசி போன வழியில் நோய் பரவுவது மிக அபூர்வம். அப்படிப்பட்ட சில கட்டிகள் எவை என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். அதற்கேற்ற வழியைப் பார்த்துக்கொள்வார்கள்.

எடுத்த துணுக்கை என்ன செய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்காக: ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, நாலைந்து மைக்ரான் கனத்துக்குச் சீவி, நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஸ்கேன் பெரும்பாலும் சந்தேகத்தைத்தான் சொல்லும். தீர்ப்பு இந்தக் கண்ணாடித் துண்டில்தான். 'பயாப்ஸி' என்று எழுதினாலே புற்றுநோய் என்று அழ வேண்டாம். கழுத்துக் கட்டி என்று பயந்து வந்த எத்தனையோ பேருக்கு அது காசநோய் என்று தெரிந்திருக்கிறது. அதற்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், ஆனால் குணமாகும்.

அடுத்தது மழைக்காலத்து விவகாரம். காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே நாமாக லேபுக்குப் போய் 'விடால்' பார்க்கிறோம். 'பாசிட்டிவ்' என்று வந்தால் டைபாய்டு என்று ஊருக்கெல்லாம் வாட்ஸ்அப். 1896-இல் வந்த சோதனை அது. கிருமியைப் பார்ப்பதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு செய்துகொள்ளும் பொருளைப் பார்க்கிறது. அது ஏறவே பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும். என்றோ வந்துபோன காய்ச்சலாலும் பாசிட்டிவ் காட்டலாம். முதல் வாரத்தில் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுக்கும் ரத்தக் கல்ச்சர்தான் நம்பகமானது. சில நாள் காத்திருக்க வேண்டும் என்பதால் நமக்கு அதில் பொறுமை இல்லை. டைபாய்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே மலேரியாவோ டெங்குவோ வளர்ந்துகொண்டிருக்கலாம்.

சர்க்கரைக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் எச்.பி.ஏ.1.சி-யும் அந்த நோட்டில் இருந்தது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அந்தக் கணக்கை வைத்துத்தான் சோதனையே. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எண் கூடுதலாகக் காட்டலாம், அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் கணக்கு தவறலாம். நம் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை! அதை டாக்டரிடம் சொல்லாமல் எண்ணை மட்டும் காட்டி மாத்திரையைக் கூட்டிக்கொள்கிறோம்.

இன்னொன்று, ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து. நார்மல் அளவு என்பது பொதுவாக ஆரோக்கியமான 100 பேரில் 95 பேர் அடங்கும் எல்லை. இருபது சோதனை செய்தால் நல்ல உடம்பிலும் ஒன்று எல்லை தாண்டி நிற்கலாம்.

"அரைகுறையாகத் தெரிந்துகொள்வது ஆபத்து, டாக்டரிடம் விட்டுவிடு" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். டாக்டரிடம் விட்டால் சரிதான். நாம் விடுவது ஊர் போனிடம் அல்லவா? டாக்டர் இந்தியிலும் மராத்தியிலும் இரண்டு நிமிடம் பேசுகிறார், ரிப்போர்ட் ஆங்கிலத்தில் வருகிறது, பாட்டிக்குப் புரியும்படி தமிழில் சொல்வது ஊர்க்காரர் ஒருவர்தான். அவர் பேச்சு எடுபடாமல் என்ன செய்யும்?

சங்கத்தில் வருடா வருடம் இலவச முகாம் போட்டு, சர்க்கரையும் பிரஷரும் பார்த்துச் சீட்டு கொடுக்கிறோம். இந்த வருடம் அதோடு ஒரு மணி நேரம், ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று நம் மருத்துவர்களே தமிழில் சொல்லட்டும். பழைய ரிப்போர்ட்டுகளை எல்லோரும் கொண்டுவரலாம். பரீட்சை முடிந்துவிடும், நானும் வருகிறேன் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். ஆறாத வாய்ப்புண்ணோ கழுத்துக் கட்டியோ யார் வீட்டிலாவது இருந்தால், அவர்கள் முகாம் வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே போகட்டும்.