ஃபார்மேட் என்னும் ஏடெரிப்பு

கணினியில் எந்தப் பழுது வந்தாலும் 'ஃபார்மேட் அடித்துவிடலாம்' என்பது ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வேதவாக்காகிவிட்டது. பழுது எதனால் வந்தது, உள்ளே யாருடைய உழைப்பு இருக்கிறது என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. ஒரே ஒரு பழுதை முன்வைத்து இவ்வழக்கத்தை மறுக்க விரும்புகிறோம். கடவுச்சொல்லைத் தட்டுகிறோம், கணினி ஏற்கிறது, வரவேற்புச் சொல் தோன்றுகிறது, மறுகணமே நம்மை வெளியே தள்ளிவிட்டு, மீண்டும் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கிறது. எத்தனை முறை நுழைந்தாலும் இதே கதைதான். இந்தப் பழுதால் நம் எழுத்துக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. அதற்குச் செய்யப்படும் சிகிச்சையால்தான் ஆபத்து.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். திருப்பாவையின் 16ஆம் பாசுரத்தில் ஆயர் சிறுமியர் இரண்டு காவலர்களிடம் வழி வேண்டுகிறார்கள். ஒருவன் விட்டால் போதாது, அடுத்தவனும் கதவு திறக்க வேண்டும். கணினியிலும் அப்படித்தான். விண்டோஸில் கடவுச்சொல் சரியென்று உறுதியானதும், 'வின்லாகன்' என்னும் முதற்காவலன் 'யூசர்இனிட்' என்னும் சிறு நிரலை அழைக்கிறான். அந்த இரண்டாம் காவலனே நம் அமைப்புகளை ஏற்பாடு செய்து மேசைத்திரையை எழுப்புபவன். அவன் இருக்குமிடம் ரிஜிஸ்ட்ரியில் ஒற்றை வரியாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரி கெட்டாலோ, அந்தக் கோப்பு காணாமற்போனாலோ, வெளிவாசலில் விடப்பட்டவர் உள்வாசலிலிருந்து திருப்பியனுப்பப்படுவார்.

எக்ஸ்பி காலத்தில் இதற்குப் பேர்பெற்ற உதாரணம் ஒன்றுண்டு. 'பிளேஸ்ஃபைண்ட்' என்னும் வேவு நிரல் அந்த வரியில் தன் கோப்பின் பெயரை எழுதிவைத்தது. அதை ஒழிக்க வந்த 'ஆட்-அவேர்' கோப்பை நீக்கியது, ஆனால் வரியைத் திருத்தவில்லை. உலகெங்கும் பலர் தம் கணினிக்குள் நுழைய முடியாமல் தவித்தனர். தீர்வோ சில நிமிட வேலைதான்: நிறுவல் குறுந்தகட்டின் மூலம் மீட்புத்திரைக்குச் சென்று, யூசர்இனிட் கோப்பை அந்தக் காணாமற்போன பெயரில் படியெடுத்து வைத்தால் கதவு திறக்கும். உள்ளே போனபின் வரியைத் திருத்திக்கொள்ளலாம். இதற்கும் ஃபார்மேட் அடித்த புண்ணியவான்கள் எத்தனை பேரோ!

லினக்ஸிலும் இந்நோய் உண்டு, காரணங்கள் வேறு. வன்தட்டு நிரம்பிவழிந்து, நுழைவுக்கான சிறு கோப்பை எழுத இடமில்லாமல் போயிருக்கலாம். 'எக்ஸ்அதாரிட்டி' என்னும் கோப்பின் உரிமை, யாரோ நிர்வாகியாக நுழைந்து செய்த வேலையால் 'ரூட்' கைக்கு மாறியிருக்கலாம். கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்தியபடி எஃப்-3 விசையைத் தட்டினால், பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் எழுத்துத்திரை வரும். அங்கே நுழைந்து வேண்டாத கோப்புகளை நீக்குவதோ, உரிமையை உரியவருக்குத் திருப்புவதோ தீர்வாகிவிடும். இன்றைய விண்டோஸில், கடவுச்சொல் கேட்கும் திரையிலேயே ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் மீட்புப் பகுதிக்குப் போகலாம். அங்கிருந்து 'சேஃப் மோடு' வழியாக நுழைந்து பார்க்கலாம், பழைய நிலைக்கு மீட்டும் பார்க்கலாம். இவை எதிலும் ஃபார்மேட் முதற்படி அன்று, கடைசிப்படி.

இதில் கசப்பான முரண் ஒன்று இருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், தொடக்கத்தில் வந்த கணினிகளில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' அமைப்பும் இருந்தது. அதாவது, ஒரு வாசல் அடைபட்டால் மறுவாசல் வழியே புகுந்து நம் கோப்புகளை எடுத்துக்கொள்ளும் வசதி விலையின்றி வந்தது. நம் மாணவர்கள் என்ன செய்தார்கள்? 'இடத்தை அடைக்கிறது' என்று கடைக்காரர் சொன்னதை நம்பி அந்த வாசலைச் சுவர்வைத்து மூடினார்கள். பிறகு விண்டோஸ் வெளியே தள்ளியபோது அதே கடைக்குப் போய் எல்லாவற்றையும் அழித்துக்கொண்டு வந்தார்கள்.

கடைக்காரரை மட்டும் குற்றம் சாட்டுவதும் நேர்மையன்று. பழுதைக் கண்டறிய அரைநாள் ஆகலாம்; ஃபார்மேட் அதைவிடக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும். கண்டறியும் அறிவுக்குக் கூலி தர நாம் தயாராயில்லை, 'புதுசுபோல' ஆக்கித் தருவதற்கே தருகிறோம். எங்கள் நண்பர் ஒருவர் வட்டாரத் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் ஆண்டுக்கணக்கில் தொகுத்துத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். இதே பழுதுக்காகக் கொடுத்த கணினி மறுநாள் பளபளவென்று திரும்பி வந்தது. பாடல்கள் வரவில்லை. பாடிய பாட்டிமார் சிலர் இன்று உயிரோடும் இல்லை. 'இலக்கியவாதிக்கு எதற்கு இந்தத் தொழில்நுட்பம்?' என்று கேட்போர் அவருக்கு என்ன பதில் சொல்வார்கள்?

ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் செல்லும் வழியில் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. வரதுங்கராம பாண்டியனின் ஏடுகள் அங்குள்ள கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே.சாமிநாதையர் தேடிப் போனார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாக அவரிடம் சொன்னார்கள். சாத்திரம் அப்படிச் சொல்கிறதாம்! 'என் சரித்திர'த்தில் அதைப் படித்துப் பதறும் நாம், அதே சாலையில் இன்று நடக்கும் வேள்வியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அன்று சாத்திரத்தின் பெயர் சொல்லப்பட்டது, இன்று 'சர்வீஸ்' என்ற பெயர் சொல்லப்படுகிறது.

எனவே எழுதுவோருக்கும், தமிழ்த்துறை மாணவர்களுக்கும் நாம் சொல்வது இவ்வளவே. கணினியைக் கடையில் கொடுக்குமுன் 'என் கோப்புகளைப் படியெடுக்காமல் எதையும் அழிக்கக் கூடாது' என்று எழுதிக் கொடுங்கள், அந்த உழைப்புக்குத் தனிக்கூலியும் கொடுங்கள். பென்டிரைவில் ஒரு லினக்ஸை வைத்துக்கொள்ளுங்கள். வாசல் அடைபட்ட கணினியை அதிலிருந்து இயக்கிக் கோப்புகளை எடுத்துவிடலாம். புதிய கணினிகளில் வட்டு பூட்டுக்குறியீட்டில் இருக்கக்கூடும்; அதன் மீட்புச் சாவியை இன்றே எழுதி வையுங்கள். யுனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவர்கள் எழுத்துருவையும் சேர்த்துச் சேமியுங்கள், இல்லையேல் மீட்டெடுத்த ஏடும் வாசிக்கவொண்ணாக் கிறுக்கலாகவே நிற்கும்.

கதவு திறக்கவில்லை என்பதற்காக வீட்டைக் கொளுத்துகிறவனை நாம் தச்சன் என்று அழைப்பதில்லை. கணினிக்கு மட்டும் ஏன் அப்படி அழைக்க வேண்டும்?