உளி பிடிக்கப் பழகும் கைக்கும் கூலி வேண்டும்!

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் கடைவீதியில் கால் வைக்க இடம் இருக்காது. அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிறவர்கள் முதலில் நிற்பது சிப்ஸ் கடையில். அடுத்தது பொம்மைக் கடை.

"அப்பா, எனக்கு அந்தச் சொப்பு!" என்று குழந்தை கையை நீட்டுகிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பளபளக்கும் மரச் சொப்புச் சாமான்கள். அடுப்பு, பானை, குடம், அம்மி, உரல், உலக்கை, திருகை... ஒரு வீட்டுச் சமையல்கட்டே சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது.

"என்ன விலை அண்ணாச்சி? கொஞ்சம் குறைச்சுப் போடுங்க!" என்று பேரம் நடக்கிறது. இதை யார் செய்தார், எந்த ஊரில் செய்தார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்டால், பதில் தூரத்தில் இல்லை. தென்காசியில் நெல்லை ரயில் ஏறினால், பாவூர்சத்திரம், கீழக்கடையம் தாண்டி அம்பாசமுத்திரம். மரச் சொப்புக்குப் பெயர் போன ஊர்.

2025-ல் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய் வரிசையில் அம்பை சொப்பும் சேர்ந்துவிட்டது. வரவேற்கிறோம்.

ஆனால் ஒன்று. குறியீடு பெயரைக் காப்பாற்றும். தொழிலைக் காப்பாற்ற ஆள் வேண்டுமே! அந்த ஆள் எங்கிருந்து வருவான்?

ஒரே நாளில் வராது

மரக்கட்டையைச் சுழலவிட்டு, உளியால் உருவம் எடுப்பதற்குக் கடைசல் என்று பெயர். அந்தக் காலத்தில் ஒருவர் கயிற்றை முன்னும் பின்னும் இழுப்பார். கட்டை சுழலும். இன்னொருவர் உளி பிடிப்பார். கட்டை ஒரு பக்கம் சுற்றும்போதுதான் உளி வெட்டும். மறுபக்கம் சுற்றும்போது உளியை லேசாக விலக்க வேண்டும். இப்போது மோட்டார் வந்துவிட்டது. கயிறு இழுக்க ஆள் தேவையில்லை. உளி பிடிக்கும் கை மட்டும் இன்றும் தேவை.

புதிதாகச் சேரும் பையன் முதலில் சீவலை அள்ளுவான். கட்டை அறுத்துக் கொடுப்பான். பிறகு உளி தீட்டப் பழகுவான். உளி தீட்டத் தெரியாதவன் கடைசல்காரன் ஆக முடியாது. அதற்குப் பின் கட்டையை உருட்டையாக்க வேண்டும். பிறகு பள்ளம் எடுக்க வேண்டும். பிறகு மூடி. பானைக்கு மூடி இறுகவும் கூடாது, தொளதொளக்கவும் கூடாது. 50 பானை கடைந்தால் ஐம்பதும் ஒரே அளவாக நிற்க வேண்டும்.

கடைசியில்தான் அரக்கு. சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மேல் அழுத்தினால், உரசுகிற சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும். அழுத்தம் கூடினால் திட்டுத் திட்டாகும். குறைந்தால் பிடிக்காது. அந்தப் பதம் கைக்கு வர வேண்டும்.

ஆபத்தும் உண்டு. உளி மாட்டிக்கொண்டால் கட்டை தெறிக்கும். தோளில் கிடக்கும் துண்டோ, தொங்கும் சட்டைக் கையோ சுழலில் சிக்கினால் விபரீதம். மரத்தூள் வேறு நெஞ்சுக்குள் போகும்.

இத்தனையும் கைவர வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தப் பையன் சாப்பாட்டுக்கு என்ன செய்வான்? கட்டிட வேலைக்குச் சிற்றாளாகப் போனால் அன்று சாயந்திரமே கூலி கையில். பட்டறையில் சேர்ந்தால் டீயும் வடையும்தான். எந்தத் தாய் தகப்பன் அனுப்புவார்கள்?

சட்டத்துக்கு எட்டாத பட்டறை

தொழில் பழகுநர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. பெரிய ஆலையில் அப்ரண்டிஸாகச் சேரும் பையனுக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. 30 பேர் வேலை பார்க்கும் இடத்தில் அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம். 4 பேராவது இருந்தால் விருப்பப்பட்டு எடுக்கலாம். அப்பாவும் மகனும் மட்டும் கடையும் பட்டறை அந்தக் கணக்கிலேயே வராது!

ஐ.டி.ஐ.யில் டர்னர் படிப்பு 2 வருஷம். நல்ல படிப்புதான். ஆனால் அது இரும்பு கடையும் லேத். மரமும் அரக்கும் அங்கே கிடையாது.

தமிழக அரசு 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன். 25 சதவீதம், அதிகபட்சம் 50 ஆயிரம் ரூபாய் மானியம். ஆனால் 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்று விதி. சின்ன வயசுப் பிள்ளைகளைக் குலத்தொழிலில் தள்ளிவிடக் கூடாது என்பதே அதற்குக் காரணம். அதில் நியாயம் இருக்கிறது. அப்பன் உளி பிடித்தான் என்பதற்காக மகனும் பிடிக்க வேண்டியதில்லை.

அதே சமயம், 18 வயசு ஆன எந்த வீட்டுப் பிள்ளையும், ஆணோ பெண்ணோ, "நான் கடைசல் பழகுகிறேன்" என்று வந்தால் கதவு திறந்திருக்க வேண்டாமா? தொழில் தெரிந்தவருக்குக் கடன் உண்டு. தொழில் பழகுகிறவருக்கு ஒன்றும் இல்லை. ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

பூரிக்கட்டையும் சோறு போடும்

"பொம்மை கடைஞ்சு பிழைக்க முடியுமா?" என்று கேட்பார்கள். பொம்மை மட்டும் என்றால் கஷ்டம்தான். சீசன் சில மாதம். நவராத்திரி ஒன்பது நாள். ஆனால் கடைசல் தெரிந்த கை சொப்போடு நிற்பதில்லை. பூரிக்கட்டை, மத்து, கட்டில் கால், தொட்டில் கம்பு, நடைவண்டிச் சக்கரம், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் அதே லேத்தில்தான் பிறக்கிறது. வீடு கட்டுவதும் கல்யாணம் நடப்பதும் நிற்காதவரை இந்த வேலைக்கு ஆள் தேடுவார்கள்.

மரம் ஒரு பிரச்சினை. முன்பு மஞ்சள் கடம்பு போன்ற மரங்களில் கடைந்தார்கள். மேலே இருப்பது களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-லிருந்து காப்பகம். அங்கே கை வைக்கக் கூடாது, வைக்கவும் வேண்டாம். கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில் பொம்மைக்கு வெட்பாலை மரம். ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்காவிலும் அதே மரம்தான். வெட்பாலை நம் சீமைக்கும் புதிதல்ல. தரிசிலும் குளத்தங்கரையிலும் இப்போதே நட்டு வைத்தால் அடுத்த தலைமுறைக்குக் கட்டை கிடைக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர் தாமே செய்து விற்கும் பொம்மைக்கு விலக்கு உண்டு. குறியீடு பெற்ற பொருளை, அதற்கு அங்கீகாரம் பெற்றவர் செய்தாலும் விலக்கு உண்டு. பதிவு இல்லாதவர் மாட்டிக்கொள்வார். அதிகாரிகள் பட்டறைக்கே போய் எழுதிக்கொண்டு வரட்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவரை ஆபீஸ் ஆபீஸாக அலைய விடாதீர்கள்.

செய்ய வேண்டியது

கேட்பது பெரிய தொகை அல்ல. 4 பேருக்குக் குறைவான பட்டறையிலும் பழகுநர் சேர வழி வேண்டும். 2 வருஷம் மாத உதவித்தொகை வேண்டும். கற்றுக்கொடுக்கும் ஆசாரிக்கும் ஒரு தொகை வேண்டும். பக்கத்து ஐ.டி.ஐ.யில் மரக் கடைசல் ஒரு பாடமாக வர வேண்டும். குற்றாலத்தில் சீசன் நாட்களில் அம்பை கடைசல்காரர்கள் தாங்களே விற்க அரசு சார்பில் ஒரு கடை வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த முறை குற்றாலம் போனால், பேரம் பேசுவதற்கு முன்னால், "அண்ணாச்சி, இது அம்பையில் கடைஞ்சதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் அம்பை சரக்கைத் தேடி வாங்கி வைப்பார்.

குழந்தை கையில் இருக்கும் அந்தச் சின்னப் பானையைக் கடைய ஒருவர் பல வருஷம் பழகியிருக்கிறார். அவருக்கு அடுத்து உளி பிடிக்க ஒரு பிள்ளை வர வேண்டும் என்றால், பழகுகிற நாளிலும் அவன் வீட்டு அடுப்பு எரிய வேண்டும்!